கட்சி மாறினால் பதவி போகுமா? ‘டர்ன்கோட்’ என்ற சொல்லும் பத்தாவது அட்டவணையும்

ஒரு கட்சியின் சின்னத்தில் வென்ற எம்.எல்.ஏ. வேறொரு கட்சித் தலைவரைச் சந்தித்துப் பொன்னாடை போர்த்துகிறார். படம் வெளியாகிறது. மறுநாள் ஓர் ஆங்கில நாளிதழ் அவரை ‘டர்ன்கோட்’ என்று எழுதுகிறது. இன்னொன்று ‘டிஃபெக்டர்’ என்கிறது. மூன்றாவது ‘ரெபெல்’ என்கிறது. தமிழ்ச் செய்திகளில் ‘அதிருப்தி எம்.எல்.ஏ.’ என்றும் ‘கட்சி தாவியவர்’ என்றும் மாறி மாறி வருகிறது. படிப்பவருக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இவருடைய பதவி இருக்குமா, போகுமா?

சில சமயம் ஒரு மாதத்துக்குள் போய்விடுகிறது. சில சமயம் ஐந்தாண்டு முடியும்வரை ஒன்றுமே நடப்பதில்லை. சட்டம் ஒன்றுதான், செயலும் ஏறக்குறைய ஒன்றுதான், முடிவு மட்டும் வேறாக வருகிறது. இதற்குக் காரணம் இருக்கிறது. செய்தித்தாள் பேசுவது விசுவாசத்தைப் பற்றி. சட்டமோ விசுவாசத்தை அளக்க முயல்வதே இல்லை. குறிப்பிட்ட சில செயல்கள் நடந்தனவா என்று மட்டும் பார்க்கிறது. அதையும் யார் பார்க்கிறார், எப்போது பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம்

‘டர்ன்கோட்’ 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் புழங்கும் சொல். பிரபுக்களின் ஆட்கள் தங்கள் எஜமானரின் நிறத்தையும் முத்திரையையும் உடையில் தாங்கிய காலம் அது. அணி மாறுகிறவர் மேலங்கியைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொள்வார் என்ற எண்ணத்தில் பிறந்த சொல். சொல்லுக்குள்ளேயே குற்றச்சாட்டு இருக்கிறது: தன் லாபத்துக்காக அணி மாறியவர் என்று. பாராட்டாக இதை யாரும் சொல்வதில்லை. கட்சி மாறியவரைத் தன் கட்சிக்கு வரவேற்பவர் அவரை ஒருநாளும் ‘டர்ன்கோட்’ என்று அழைக்க மாட்டார். இழந்த கட்சிதான் அழைக்கும்.

இதன் அக்கம்பக்கத்துச் சொற்கள்:

1. ‘ஃபிக்கிள்’: மனம் நிலையில்லாமல் அடிக்கடி மாறுபவர். இதில் துரோகம் என்ற பொருள் கட்டாயமில்லை. ரசிகர்கள், வாடிக்கையாளர்கள், வாக்காளர்கள் என எல்லோரைப் பற்றியும் சொல்லலாம்.

2. ‘ரெபெல்’: கட்சிக்குள் இருந்துகொண்டே தலைமையை எதிர்ப்பவர். நம் ‘அதிருப்தியாளர்’ இவர்தான். இன்னும் கட்சியை விடவில்லை என்பதே இவரது வாதமாக இருக்கும். வழக்குகளில் இந்த வாதத்துக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

3. ‘டிஃபெக்டர்’: ஒரு பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்துக்குப் போனவர். ‘டர்ன்கோட்’டை விடச் சூடு குறைந்த சொல். ஒரு நாட்டை விட்டுப் பகை நாட்டில் தஞ்சம் புகுந்தவரையும் இப்படித்தான் சொல்வார்கள்.

4. ‘ஃப்ளோர் கிராசிங்’: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆளும் வரிசையும் எதிர் வரிசையும் நேருக்கு நேர் இருக்கும். நடுவே உள்ள தளத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் உட்காருவதுதான் இது. வின்ஸ்டன் சர்ச்சில் 1904இல் கன்சர்வேடிவ் பக்கத்திலிருந்து எழுந்து லிபரல் பக்கம் போனார். 1924இல் கன்சர்வேடிவ் அரசிலேயே நிதியமைச்சராகத் திரும்பி வந்தார். கட்சி மாறியதற்காக ஒருவர் இருக்கையைப் பறிக்கும் சட்டம் அங்கே அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

இந்தியாவில் சட்டம் இருக்கிறது: அரசமைப்பின் பத்தாவது அட்டவணை. ஆனால் அந்தச் சட்டத்தில் ‘டர்ன்கோட்’ என்ற சொல் எங்கும் வராது. ‘டிஃபெக்‌ஷன்’, அதாவது கட்சித் தாவல், தலைப்பில் வருகிறது. அதற்கும் வரையறை தரப்படவில்லை. எனவே ஒருவரை நாளிதழ் எப்படி அழைக்கிறது என்பதை வைத்து அவர் பதவியின் கதியைச் சொல்ல முடியாது.

இந்தச் சட்டம் ஏன் வந்தது

1967 பொதுத்தேர்தலில் பல மாநிலங்களில் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. ஓரிரு உறுப்பினர்கள் இடம் மாறினாலே அரசு கவிழும் என்ற நிலை. அந்த ஆண்டு ஹரியானாவின் ஹசன்பூர் தொகுதியில் சுயேச்சையாக வென்று காங்கிரசில் சேர்ந்த கயா லால், பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை அணி மாறினார். முதலில் காங்கிரசிலிருந்து ஐக்கிய முன்னணிக்கு, மறுபடி காங்கிரசுக்கு, சில மணி நேரத்தில் மீண்டும் ஐக்கிய முன்னணிக்கு. அவரைப் பத்திரிகையாளர்கள் முன் அழைத்துவந்த ராவ் பீரேந்தர் சிங், “கயா ராம் இப்போது ஆயா ராம்” என்றார். போனவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். ‘ஆயா ராம் கயா ராம்’ என்ற தொடர் இன்றுவரை இந்தியா முழுக்கப் புழங்குவது அப்படித்தான்.

இதை ஒரு தனிமனிதரின் விநோதமாக ஒதுக்கிவிட முடியாது. நிலைமையை ஆராய ஒய்.பி. சவான் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1969இல் அறிக்கை தந்தது. 1967 மார்ச் முதல் ஓராண்டுக்குள் மட்டும் குறைந்தது 438 கட்சித் தாவல்கள் நடந்திருந்தன. வென்ற 376 சுயேச்சைகளில் 157 பேர் ஏதோ ஒரு கட்சியில் சேர்ந்திருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கணக்கு: பல மாநிலங்களில் கட்சி தாவிய 210 பேரில் 116 பேர் அமைச்சரவையில் இடம் பெற்றார்கள். பாதிக்கு மேல்! கொள்கை மாற்றம் என்று சொல்லிக்கொண்டு போனவர்களில் இத்தனை பேருக்கு அமைச்சர் பதவி காத்திருந்தது என்றால், நடந்தது பேரம்தான். அதைத்தான் நாம் ‘குதிரை பேரம்’ என்கிறோம்.

அறிக்கை வந்தும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சட்டம் வரவில்லை. 1984 இறுதியில் பெரும் பெரும்பான்மையோடு வந்த ராஜீவ் காந்தி அரசு 1985 ஜனவரியில் அரசமைப்பின் 52ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. அதன் வழியாகச் சேர்ந்ததுதான் பத்தாவது அட்டவணை. 1985 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

சட்டம் சொல்வது என்ன

பதவி போகும் சூழல்கள் இவை:

1. ஒரு கட்சியின் சார்பில் வென்றவர் அந்தக் கட்சியின் உறுப்பினர் நிலையைத் ‘தானாகவே விட்டுவிட்டால்’.

2. கட்சி பிறப்பித்த உத்தரவுக்கு எதிராக அவையில் வாக்களித்தால், அல்லது வாக்கெடுப்பைப் புறக்கணித்தால். முன் அனுமதி வாங்கியிருந்தாலோ, கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்துவிட்டாலோ பிரச்சினை இல்லை.

3. சுயேச்சையாக வென்றவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும்.

4. நியமன உறுப்பினர், பதவியேற்ற ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால். ஆறு மாதத்துக்குள் சேரலாம்.

கடைசி இரண்டில் பெரிய சிக்கல் இல்லை. கயா லால் இன்று இருந்திருந்தால் மூன்றாவதில் முதல் நாளே மாட்டியிருப்பார். சண்டை எல்லாம் முதல் இரண்டில்தான்.

இது நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் மட்டும். உள்ளாட்சி மன்றங்களுக்குப் பொருந்தாது. அதற்காகத்தான் கேரளம் 1999இல் தனிச் சட்டம் போட்டுக்கொண்டது. இலங்கையில் விதி வேறு மாதிரி. 1978 அரசமைப்பின் 99(13) பிரிவின்படி, கட்சி உறுப்பினர் நிலையை இழப்பவர் ஒரு மாதத்தில் நாடாளுமன்ற இடத்தையும் இழப்பார். கட்சியின் நீக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் நிரூபித்தால் தப்பிக்கலாம்.

‘தானாக விட்டுவிடுதல்’ என்றால் ராஜினாமா மட்டும்தானா

இல்லை. 1994இல் கோவாவின் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ராஜினாமாக் கடிதம் எழுதாவிட்டாலும், ஒருவருடைய நடத்தையை வைத்தே அவர் கட்சியை விட்டுவிட்டார் என்று முடிவு செய்யலாம். அப்போதிலிருந்து ‘நடத்தை’ என்ற சொல் ஒவ்வொரு வழக்கிலும் மையத்துக்கு வந்துவிட்டது. எந்த மேடையில் நின்றார், யாரோடு ஆளுநர் மாளிகைக்குப் போனார், என்ன பேட்டி கொடுத்தார் என்பதெல்லாம் சாட்சியம்.

ஐக்கிய ஜனதா தளத்தின் மூத்த தலைவர் சரத் யாதவ் 2017 ஆகஸ்டில் பாட்னாவில் எதிர்க்கட்சிகளின் பேரணியில் கலந்துகொண்டார். பா.ஜ.க.வோடு சேர்ந்த தன் கட்சித் தலைமைதான் தடம் மாறியது, தான் மாறவில்லை என்பது அவர் வாதம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மாநிலங்களவைத் தலைவர் அவரைத் தகுதிநீக்கம் செய்தார். தேர்தலின்போது மக்களிடம் சொன்ன கூட்டணியில் நின்றவர் அவர், மாறியது கட்சி. ஆனால் சட்டத்தின் கண்ணில் கட்சியை விட்டவர் அவர்தான். இந்தச் சட்டம் யாருக்குக் காட்டும் விசுவாசத்தைக் காக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது: உறுப்பினர் கட்சிக்குக் காட்ட வேண்டியதை. கட்சி வாக்காளருக்குக் காட்ட வேண்டியது கணக்கிலேயே வராது.

சரி, கட்சியே ஒருவரை நீக்கிவிட்டால்? அவர் விடுதலையாகி வேறு கட்சியில் சேரலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இதற்கு விடை ஒரு தமிழ்நாட்டு வழக்கில் இருக்கிறது. 1991இல் அ.தி.மு.க. சார்பில் வென்ற ஜி. விஸ்வநாதனும் இன்னொரு உறுப்பினரும் 1994இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிறகு ம.தி.மு.க.வில் சேர்ந்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: நீக்கப்பட்டாலும், எந்தக் கட்சி தேர்தலில் நிறுத்தியதோ அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே சட்டம் அவரைக் கருதும், வேறு கட்சியில் சேர்ந்தால் பழைய கட்சியைத் தானாக விட்டதாகப் பொருள். ஆகவே நீக்கப்பட்ட எம்.எல்.ஏ. எந்தக் கட்சியிலும் சேராமல் தனியாக உட்கார்ந்திருந்தால்தான் பதவி நிலைக்கும். நீக்கப்பட்ட பலர் ஆண்டுக்கணக்கில் ‘எந்தக் கட்சியிலும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

கொறடா உத்தரவு எங்கே செல்லும், எங்கே செல்லாது

கட்சியின் வாக்கை ஒருங்கிணைக்கும் உறுப்பினரைத் தமிழில் கொறடா என்கிறோம். அவர் தரும் உத்தரவு அவைக்குள் நடக்கும் வாக்கெடுப்புக்கு மட்டும்தான் பொருந்தும். மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் போடும் வாக்கு அவை நடவடிக்கையாகாது. எனவே அங்கே கட்சி மாற்றி வாக்களித்தாலும் பத்தாவது அட்டவணை பாயாது. தன் கட்சி முகவரிடம் வாக்குச்சீட்டைக் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். காட்டிய பிறகும் எதிர்க்கட்சி வேட்பாளருக்குப் போடலாம். வாக்கு செல்லும்.

ஆனால் காட்டக் கூடாதவரிடம் காட்டினால் செல்லாது. 2017 ஆகஸ்டில் குஜராத் மாநிலங்களவைத் தேர்தலில் இரண்டு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களின் வாக்குகள் அப்படித்தான் நள்ளிரவு வரை நீண்ட சர்ச்சைக்குப் பின் செல்லாதவையாகின. காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் வென்றார். பதவி போவது ஒரு விதி, வாக்கு போவது வேறு விதி. செய்திகளில் இரண்டும் கலந்துவிடுகின்றன.

2024 பிப்ரவரி 27 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் நடந்ததை நாள்வாரியாகப் பார்த்தால் இந்த வேறுபாடு நன்றாக விளங்கும். 68 பேர் கொண்ட அவையில் காங்கிரசுக்கு 40 பேர். ஒரே ஒரு மாநிலங்களவை இடம். வெற்றி உறுதி என்று எல்லோரும் நினைத்தார்கள். காங்கிரசின் ஆறு பேரும் மூன்று சுயேச்சைகளும் பா.ஜ.க. வேட்பாளருக்கு வாக்களித்தார்கள். 34க்கு 34. குலுக்கலில் பா.ஜ.க.வின் ஹர்ஷ் மகாஜன் வென்றார். காங்கிரசின் அபிஷேக் சிங்வி தோற்றார். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 29 அன்று, அந்த ஆறு பேரையும் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார்.

வெளியே இருந்து பார்த்தவர்கள், மாற்றி வாக்களித்ததற்குத் தண்டனை என்றே புரிந்துகொண்டார்கள். உத்தரவில் காட்டிய காரணம் அது கிடையாது. கொறடா உத்தரவை மீறி, பட்ஜெட் வாக்கெடுப்பின்போது அவைக்கு வரவில்லை என்பதே காரணம். ஆறு பேரும் பிப்ரவரி 28 அன்று அவைக்கு வந்து பட்ஜெட்டுக்கு ஆதரவாகக் கை தூக்கியிருந்தால், அந்தக் காரணம் எடுபட்டிருக்காது. ஜூன் 1இல் நடந்த இடைத்தேர்தலில் ஆறில் நான்கு தொகுதிகளைக் காங்கிரஸ் மீட்டது.

மூன்றில் இரண்டு பங்கு என்ற கதவு

1985இல் சட்டம் வந்தபோது இரண்டு விதிவிலக்குகள் இருந்தன. கட்சி பிளந்து மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் தனியே போனால் தப்பலாம். இன்னொரு கட்சியோடு இணைப்பு நடந்து மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் தப்பலாம். முதல் விதிவிலக்கு எவ்வளவு மோசமாகப் பயன்பட்டது என்றால், தனியாகப் போனால் குற்றம், கும்பலாகப் போனால் உரிமை என்றாகிவிட்டது. 2003இல் 91ஆவது திருத்தம் அதை நீக்கியது. இரண்டாவது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மிஞ்சியதே போதுமானதாக இருக்கிறது. 2019 ஜூலையில் கோவாவின் 15 காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களில் 10 பேர் பா.ஜ.க.வில் ‘இணைந்தார்கள்’. பத்து என்பது சரியாக மூன்றில் இரண்டு. காங்கிரஸ் கட்சி எங்கும் இணையவில்லை. அது அப்படியேதான் இருந்தது. வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2022 பிப்ரவரியில் அந்த இணைப்பை ஏற்றுக்கொண்டது.

2019இல் நடந்ததை மனத்தில் வைத்து, 2022 தேர்தலுக்கு முன் காங்கிரஸ் தன் வேட்பாளர்களைப் பேருந்தில் ஏற்றி பணஜியின் மகாலட்சுமி கோயிலுக்கும், பாம்போலிம் சிலுவைக்கும், பெட்டிம் தர்காவுக்கும் அழைத்துப் போனது. வென்றால் கட்சி மாற மாட்டோம் என்று மூன்று இடத்திலும் சத்தியம் வாங்கியது. 11 பேர் வென்றார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று எட்டு பேர் பா.ஜ.க.வில் சேர்ந்தார்கள். 11இல் மூன்றில் இரண்டு பங்கு ஏழரைக்குச் சற்றுக் குறைவு; எட்டு பேர் இருந்தால் பாதுகாப்பு. ஏழு பேராகப் போயிருந்தால் தகுதிநீக்க வழக்கை எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

தெய்வத்தின் முன் செய்த சத்தியத்தைச் சட்டம் கேட்காது. எண்ணிக்கையைக் கேட்கும். கோவா வாக்காளர் ஒருவர் இதைக் கண்டு கோபப்பட்டால் அது முழுக்க நியாயமான கோபம்.

தீர்ப்பு சொல்பவர் யார்

சட்டத்தின் மிகப் பலவீனமான இடம் இது. தகுதிநீக்க மனுவை விசாரித்து முடிவு சொல்பவர் அவையின் தலைவர், அதாவது சபாநாயகர். நீதிமன்றங்கள் தலையிடவே கூடாது என்று 1985 சட்டம் சொன்னது. 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. சபாநாயகர் முடிவு சொன்ன பிறகு நீதிமன்றம் அதை ஆராயலாம். ஐந்து நீதிபதிகளில் மூவர், சபாநாயகரிடம் அதிகாரம் இருக்கலாம் என்றார்கள். இருவர், பெரும்பான்மைக் கட்சியின் தயவில் பதவியில் இருப்பவரிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியாது என்ற பக்கம் நின்றார்கள்.

பிறகு நடந்ததைப் பார்த்தால், அந்த இருவர் பயந்ததுதான் நடந்தது. ‘முடிவு சொன்ன பிறகு’ என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. முடிவே சொல்லாவிட்டால்?

தமிழ்நாட்டின் 15ஆவது சட்டப்பேரவையில் ஒரே கட்சியைச் சேர்ந்த இரண்டு குழுக்களுக்கு நடந்ததை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

1. 2017 பிப்ரவரி 18: எடப்பாடி கே. பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோருகிறார். ஆதரவாக 122, எதிராக 11. எதிர்த்து வாக்களித்தவர்கள் ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட அ.தி.மு.க. உறுப்பினர்கள். அவைக்குள், நம்பிக்கைத் தீர்மானத்தில், சொந்தக் கட்சி அரசுக்கு எதிராகப் போட்ட வாக்கு.

2. ஆகஸ்ட் 21: இரு அணிகளும் இணைகின்றன. பன்னீர்செல்வம் துணை முதல்வராகிறார்.

3. ஆகஸ்ட் 22: டி.டி.வி. தினகரனை ஆதரித்த எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரைச் சந்தித்து, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று தனித்தனியே கடிதம் கொடுக்கிறார்கள். அவைக்குள் அவர்கள் எந்த வாக்கும் போடவில்லை. வேறு கட்சியில் சேரவும் இல்லை.

4. செப்டம்பர் 18: அவர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதிநீக்கம் செய்கிறார். கடிதம் கொடுத்து நான்கு வாரம்கூட முடியவில்லை.

18 பேரின் வழக்கில் 2018 ஜூன் 14 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். 2019 ஏப்ரல், மே மாதங்களில் இடைத்தேர்தல். ஒன்றரை ஆண்டுக்கு மேல் 18 தொகுதிகளுக்கு எம்.எல்.ஏ. இல்லை.

11 பேர் விவகாரம்? அவர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 14 அன்று, முடிவு செய்ய வேண்டியவர் பேரவைத் தலைவர் என்று அவரிடமே விட்டது. 2021இல் பேரவையின் காலமே முடிந்தது. அவர்கள் கடைசிவரை உறுப்பினர்களாக இருந்தார்கள்.

18 பேர் செய்தது சரியா, 11 பேர் செய்தது சரியா என்பது அரசியல் விவாதம். அதில் யார் எந்தப் பக்கமும் நிற்கலாம். ஆனால் ஒரே சட்டம் ஒரு குழுவுக்கு நான்கு வாரத்தில் வேலை செய்தது, இன்னொரு குழுவுக்கு நான்கு ஆண்டு ஆகியும் வேலை செய்யவில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது. எந்தக் குழு அந்தந்த நேரத்தில் ஆளும் தரப்போடு இருந்தது என்று பாருங்கள், வேறுபாடு தானாகப் புரியும்.

மற்ற மாநிலங்களிலும் கதை இதுவே. மணிப்பூரில் 2017இல் காங்கிரஸ் சார்பில் வென்ற ஷ்யாம்குமார் சிங், பா.ஜ.க. அரசில் அமைச்சராகச் சேர்ந்தார். மனு சபாநாயகரிடம் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விதிவிலக்கான சூழல் இல்லாவிட்டால் இத்தகைய மனுக்களை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது; இந்த மனுவுக்கு நான்கு வாரமே தந்தது. அப்படியும் முடிவு வராமல் போகவே, மார்ச்சில் தனக்கிருந்த தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கியது. 2025 ஜூலை 31 அன்று தெலங்கானாவில் பி.ஆர்.எஸ். கட்சியின் 10 எம்.எல்.ஏ.க்கள் தொடர்பான வழக்கிலும், மூன்று மாதத்துக்குள் முடிவெடுங்கள் என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

மகாராஷ்டிரத்தில் இன்னொரு குழப்பம். கட்சியே இரண்டாகி, ‘நாங்கள்தான் உண்மையான சிவசேனா’ என்று இரு தரப்பும் சொன்னால் எந்தக் கொறடாவின் உத்தரவு செல்லும்? கொறடாவை நியமிப்பது சட்டமன்றக் குழுவல்ல, வெளியே உள்ள அரசியல் கட்சிதான் என்று 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. எந்தப் பிரிவு உண்மையான கட்சி என்று பார்த்துத் தகுதிநீக்க மனுக்களை முடிக்கும் பொறுப்போ சபாநாயகரிடமே போனது. அவர் 2024 ஜனவரி 10 அன்று அப்போதைய முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயின் தரப்பே உண்மையான கட்சி என்றார். இரு தரப்பிலும் யாரையும் தகுதிநீக்கம் செய்யவில்லை.

பதவி போனால் என்ன ஆகும்

குற்ற வழக்கில் தண்டனை பெற்றுப் பதவி இழப்பவர் தண்டனைக் காலம் முடிந்தும் ஆறு ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. கட்சித் தாவலில் பதவி இழப்பவருக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. அடுத்த இடைத்தேர்தலிலேயே நிற்கலாம். 91ஆவது திருத்தம் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தது: அந்தப் பதவிக்காலம் முடியும்வரை, அல்லது மறுபடி தேர்தலில் வெல்லும்வரை, அமைச்சராகவோ ஊதியமுள்ள அரசியல் பதவியிலோ இருக்க முடியாது. அதே திருத்தம் அமைச்சர்கள் எண்ணிக்கையையும் அவையின் 15 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. தாவி வருபவர்களுக்கெல்லாம் அமைச்சர் பதவி தர முடியாமல் செய்வதே நோக்கம்.

இந்தக் கட்டுப்பாட்டை எப்படித் தாண்டுவது என்பதை 2019இல் கர்நாடகம் காட்டியது. காங்கிரஸ், மதச்சார்பற்ற ஜனதா தளம் கட்சிகளைச் சேர்ந்தவர்கள் ராஜினாமா செய்ய, குமாரசாமி அரசு கவிழ்ந்தது. சபாநாயகர் 17 பேரைத் தகுதிநீக்கம் செய்து, பேரவைக் காலம் முடியும்வரை தேர்தலில் நிற்கக் கூடாது என்றார். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தகுதிநீக்கம் சரி, ஆனால் எவ்வளவு காலம் என்று சபாநாயகர் நிர்ணயிக்க முடியாது என்றது. டிசம்பர் 5இல் 15 இடங்களுக்குத் தேர்தல், பா.ஜ.க. 12இல் வென்றது. 2020 பிப்ரவரியில் தாவி வந்து வென்றவர்களில் 10 பேர் அமைச்சர்களானார்கள்.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மக்களே மறுபடி தேர்ந்தெடுத்துவிட்டார்களே, பிறகு என்ன என்று கேட்பவர்களுக்கு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. கட்சியை விட்டவர் பதவியையும் விட்டுவிட்டு மக்களிடம் திரும்பிப் போவதுதான் நேர்மையான வழி. ஆனால் போகும்போதே மறுபக்கம் அமைச்சர் பதவி காத்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அந்தத் தேர்தல் பேரத்தின் கடைசித் தவணையாகிவிடுகிறது.

மாற்ற வேண்டியவை

இரண்டு திருத்தங்கள் நீண்ட காலமாக மேசையில் இருக்கின்றன. இரண்டையும் நான் ஆதரிக்கிறேன்.

முதலாவது, கொறடாவின் வரம்பு. இன்று எந்தச் சிறு மசோதாவிலும் கட்சி உத்தரவுக்கு எதிராக வாக்களித்தால் பதவி போகும். தன் தொகுதியைப் பாதிக்கும் ஒரு மசோதாவைக் கட்சி ஆதரிக்கச் சொன்னால், உறுப்பினர் வாயை மூடிக்கொண்டு கை தூக்க வேண்டும். பேரத்தைத் தடுக்க வந்த சட்டம் மனச்சாட்சியையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு, நம்பிக்கை மற்றும் நம்பிக்கையில்லாத் தீர்மானம், பண மசோதா, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் போன்றவற்றுக்கு மட்டும் இந்தத் தண்டனை இருக்கட்டும் என்றது. அரசு நிலைக்குமா என்ற கேள்வியில் கட்சியோடு நில். மற்றதில் யோசித்து வாக்களி என்பதே அதன் சாரம்.

இரண்டாவது, நடுவர். அதே குழு, முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து, தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முடிவு செய்யட்டும் என்றது. மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழி சொன்னது: ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதியோ, உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதியோ தலைமை வகிக்கும் நிரந்தரத் தீர்ப்பாயம். இரண்டில் எது வந்தாலும் இன்றைய நிலையைவிட மேல். எது வந்தாலும் அரசமைப்பைத் திருத்த வேண்டும். அதை நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். தாவி வந்தவர்களைக் கொண்டு ஒருமுறையாவது ஆட்சி அமைத்த கட்சிகள் அங்கே இரு வரிசையிலும் இருக்கின்றன.